சட்டை மட்டும் வேலைக்குப் போன ஊர்

பாவாயிக்குக் காய்ச்சல் கண்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கொடியில் தொங்கிக்கொண்டிருந்த அவளுடைய வேலைச் சட்டை தானாகவே கீழே இறங்கி, கைகளை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, கூரையில் செருகியிருந்த கத்தியை உருவி எடுத்துக்கொண்டு, குச்சிக்கிழங்கு உரிக்கக் கிளம்பிப் போய்விட்டது.

ஆத்தூர்ப் பக்கத்து நெடும்பாறையில், ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு உரிக்கப் போகிற பெண்கள் எல்லோரும், மண்ணும் கிழங்குப் பாலும் புடவையில் ஒட்டாமல் இருக்கப் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் புடவைக்கு மேலே போட்டுக்கொள்வார்கள். பாவாயியின் சட்டை காப்பிக்கொட்டை நிறத்தில் கட்டம் போட்டது. அவள் புருஷன் சின்னையன் மறுவீட்டுக்குப் போட்டுக்கொண்டு வந்தது. காலர் கிழிந்து, நடுப்பொத்தான் போய், அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. அது தெருவில் இறங்கி, பாவாயியின் உயரத்திலேயே, பாவாயியைப் போலவே இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்ததால், பக்கத்து வீட்டிலிருந்து வேலைக்குக் கிளம்பி வந்த அங்காயி முதலில் வித்தியாசம் எதையும் பார்க்கவில்லை.

"ஏன்டி, காய்ச்சல்னு சொன்னாங்க, அதுக்குள்ள எந்திரிச்சிட்டியா?" என்று கேட்டு, பதில் வராததால் நிமிர்ந்து பார்த்து, கழுத்துக்கு மேலேயும் இடுப்புக்குக் கீழேயும் ஒன்றும் இல்லை என்று கண்டபிறகு, "ஓ, நீ வரலையா? சட்டைய மட்டும் அனுப்பிட்டியா? சரி சரி, நேரமாவுது, நட" என்று அதனோடு சேர்ந்து நடந்தாள். வழியெல்லாம் அதனோடு பேசிப் பார்த்தாள். அது தலையாட்டக்கூட இல்லை. ஆட்டுவதற்குத் தலை இல்லாததால் அவளும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆலையில் மேஸ்திரி வேலப்பன் பேர் கூப்பிட்டபோது, பாவாயியின் பேருக்குச் சட்டை கையைத் தூக்கியது. வேலப்பன் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, மறுபடியும் செருகி, "ஆளு வந்தா என்ன, சட்டை வந்தா என்ன, கிழங்கு உரிஞ்சாச் சரி" என்று அடுத்த பேருக்குப் போனார்.

சட்டை நேராகப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தது. கிழங்கு உரிக்கிற கொட்டாயில் ஜன்னல் ஒன்றே ஒன்றுதான். அங்கே உட்கார்ந்தால் காற்று வரும்; ரோட்டில் போகிற பஸ்ஸும், பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஆளும், இறங்குகிற ஆளின் கையில் இருக்கிற பையும் தெரியும்; அதனால் ஊரில் எது நடந்தாலும் அந்த இடத்தில் இருப்பவளுக்குத் தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் வாசப்படியோரம் ஈரத்தில் உட்கார வைக்கப்பட்ட பாவாயி, ஒருத்தி பிரசவத்துக்குப் போக, ஒருத்தி ஊரைவிட்டுப் போக, ஒருத்தி உலகத்தைவிட்டே போக, ஒவ்வொரு இடமாக நகர்ந்து நகர்ந்து கடைசியில் அங்கே வந்து சேர்ந்திருந்தாள். வீட்டில்கூட இது என் இடம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு மூலை கிடையாது. கட்டில் சின்னையனுடையது, டிவிக்கு முன்னால் கிடந்த நாற்காலியும் சின்னையனுடையது, அடுப்படியில் பாதி பூனையுடையது.

மறுநாள் காய்ச்சல் விட்டதும் அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு கொடிக்குப் போனாள். சட்டை அதற்குள் தெருமுனை தாண்டியிருந்தது. ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது, அது ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரே இழுப்பில் தோலைக் கழற்றிக் கழற்றிக் குவித்துக்கொண்டிருந்தது.

"எந்திரி."

சட்டை உரித்துக்கொண்டே இருந்தது.

"எந்திரிங்கறேன்ல?" என்று கையைப் பிடித்து இழுத்தாள். வருஷக்கணக்கில் கிழங்குப் பால் ஊறிக் காய்ந்து ஊறிக் காய்ந்து, சட்டைக் கை பலகை மாதிரி இருந்தது.

"ஏ பாவாயி, அதத் தொந்தரவு பண்ணாத" என்றார் மேஸ்திரி. "நேத்து அது உரிச்ச அளவுக்கு நீ ஒரு நாளும் உரிச்சதில்ல. வெத்தல போடல, வெளிய போவல, வாயத் தெறக்கல."

"வாயி இருந்தாத்தானுங்க தெறக்கும்?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

அந்த வாரம் முடிவதற்குள் மற்ற சட்டைகளும் கிளம்பிவிட்டன. நீலக்கோடு போட்டது போயிற்று, போலீஸ்காரர் வீட்டுக் காக்கிச் சட்டை போயிற்று, ஒரு கட்சி மாநாட்டுக்குப் போட்டுக்கொண்டு போய் முதுகில் தலைவர் படத்தோடு திரும்பி வந்த வெள்ளைச் சட்டை போயிற்று. அங்காயி தன் சட்டையை ஆட்டுக்கல்லில் கட்டிப் போட்டாள். அது முடிச்சை அவிழ்த்துக்கொண்டு போயிற்று. சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தால் சரியாகிவிடும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டுத் துவைத்துப் பார்த்தாள். மறுநாள் அது ஈரத்தோடு சொட்டச் சொட்டப் போயிற்று. பக்கத்து ஊரிலிருந்து வருகிற சட்டைகள் டவுன் பஸ்ஸில் ஏறியபோது, பெண்களுக்கு டிக்கெட் கிடையாது சரி, ஆனால் இது ஆம்பளைச் சட்டையாயிற்றே என்று கண்டக்டர் கையை நீட்டி நிறுத்தினார். பஸ் அரைமணி நேரம் நின்றது. "போட்டிருக்கறது ஆம்பளச் சட்டைதான், உள்ள ஊறியிருக்கறது பொம்பள வேர்வ, மோந்து பாரு" என்று பின்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் சொல்ல, கண்டக்டர் மோந்து பார்த்துவிட்டு, எல்லாச் சட்டைக்கும் இலவசச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். அதன் பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சட்டைகளும் கர்ப்பிணிகளுக்கு எழுந்து இடம் விட்டன.

பெண்கள் முதலில் சந்தோஷப்பட்டார்கள் என்பதை மறைக்க முடியாது. விடிந்த பிறகு எழுந்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். எப்போதோ போவதாகச் சொல்லிவிட்டுப் போகாத சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் போய், அங்கே இரண்டு நாளுக்கு மேல் இருக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு திரும்பி வந்தார்கள். அதன்பிறகுதான் அவர்களுடைய கைகள் தொல்லை கொடுக்க ஆரம்பித்தன. உரித்துப் பழகிய கை உரிக்கக் கேட்டது. வீட்டிலிருந்த வெங்காயம் எல்லாம் உரிந்தது, பூண்டு எல்லாம் உரிந்தது, பிள்ளைகளின் முழங்கால் பொருக்கு உரிந்தது, சுவரில் சுண்ணாம்பு உரிந்தது. பாவாயி பஸ் நிறுத்தத்துக்கே போய், அங்கே ஒட்டியிருந்த நோட்டீஸ்களை உரிக்க ஆரம்பித்தாள். மேலே சினிமா, அதற்குக் கீழே டியூஷன், அதற்குக் கீழே மூலம் பவுத்திரம், அதற்குக் கீழே போன தேர்தல், அதற்கும் கீழே அதற்கு முந்தின தேர்தல்.

"யக்கா, அந்தக் கண்ணீர் அஞ்சலிய மட்டும் விட்டுருக்கா, அது எங்க மாமா" என்று ஒருத்தி கெஞ்சினாள்.

"எப்ப செத்தாரு?"

"போன மாசம்."

"அதான் பசை இன்னும் காயல" என்று மாமாவை விட்டுவிட்டு அடுத்த சுவருக்குப் போனாள். அங்கிருந்து ஆலையின் ஜன்னல் தெரியும். ஜன்னலில் தன் சட்டையின் தோள்பட்டை மட்டும் ஏறி இறங்குவதைப் பார்த்தாள். பஸ் வந்தது, ஆள் இறங்கியது, சட்டை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு வெளியே பார்க்காமல் இருக்க எப்படி ஒரு பிறவியால் முடிகிறது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

சின்னையனுக்கோ வயிறு குளிர்ந்தது. எந்த வேலைக்கும் போகாமல் டீக்கடை பெஞ்சில் காலம் போக்கிக்கொண்டிருந்த மனிதர், இப்போது பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "வேலைக்குப் போவல வேலைக்குப் போவலன்னு சொன்னியே, இப்பப் பாரு, என் சட்டை போவுது. லீவே போடாம போவுது" என்றார் வீட்டுக்கு வந்து, பாவாயியிடம்.

"சட்ட உங்களது. அதுக்குள்ள இருந்த கை யாருது?"

"கை இப்ப வீட்டுலதான புள்ள இருக்குது?" என்றார் சின்னையன்.

எல்லா வீட்டிலும் இதே வழக்குதான். சனிக்கிழமை சாயங்காலம் புருஷர்கள் ஆலை வாசலில் வரிசை கட்டி, அது என் கல்யாணச் சட்டை, இது என் தீபாவளிச் சட்டை என்று அடையாளம் சொன்னார்கள். பெண்கள் எதிர் வரிசை கட்டினார்கள். முதலாளி அத்தியப்பன் இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று, சட்டைக்கு வயிறு இல்லை, பிள்ளை குட்டி இல்லை, ஆகவே அரைக்கூலி என்றும், அதைச் சட்டையின் பையிலேயே வைத்துவிடுவதாகவும், வீட்டில் யார் முதலில் பைக்குள் கை விடுகிறார்களோ அது அவர்கள் பாடு என்றும் தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் நெடும்பாறையின் தெருக்களில், திரும்பி வருகிற சட்டைகளுக்கு இரண்டு பக்கமும் புருஷனும் பெண்டாட்டியும் ஓடி வருவது வழக்கமாயிற்று.

அத்தியப்பன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரான் வீட்டுச் சட்டைக்கு அரைக்கூலி எதற்கு, ஆலைக்கே சொந்தமாகச் சட்டை இருந்தால் அந்த அரையும் வேண்டாமே என்று, ஈரோட்டுச் சந்தையிலிருந்து ஒரு மூட்டை புதுச் சட்டை வாங்கி வந்தார். எல்லாம் ஒரே மாதிரிப் பச்சை. கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, கிழங்குக் குவியலுக்கு முன்னால் வரிசையாக வைத்தார். அவை மடிப்புக் கலையாமல் அப்படியே கிடந்தன. ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, மேஸ்திரி மெதுவாகச் சொன்னார்: "மொதலாளி, உள்ள ஒரு பொம்பள இருந்து பழக்கினாத்தான் இதுக்குக் கை வரும் போலிருக்குதுங்க."

அப்படித்தான் மேஸ்திரி பாவாயி வீட்டுக்கு வந்தார். ஒரு மாசம், பெண்கள் எல்லோரும் வந்து பச்சைச் சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உரிக்க வேண்டும், சட்டைகள் பழகியதும், ஆளுக்கு ஒரு டிபன் கேரியர் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவிடுவார்கள். அப்புறம் ஆளும் வேண்டாம், பழைய சட்டையும் வேண்டாம் என்றார்.

"அந்த எடம்?" என்றாள் பாவாயி.

"எந்த எடம்?"

"ஜன்னலோரம்."

"ஒரு மாசத்துக்கு உனக்குத்தான். பழைய சட்டைங்கள பின்கட்டுக்கு மாத்திடறோம்."

அங்காயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெருவே கேட்கும்படி கத்தினாள்: "உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? நம்ம பொழப்பு போறதுக்கு நம்மளே போயிப் பாடம் சொல்லித் தரணுமா?"

"ஆமாடி. வீட்டுல இருந்தா மட்டும் பொழப்பு நிக்குதா? இன்னும் ரெண்டு நாள் வீட்டுல இருந்தன்னா, நான் பூனைய உரிச்சிருவேன்."

அங்காயி கொஞ்ச நேரம் பூனையைப் பார்த்தாள். பிறகு அவளும் கத்தியைத் தேடப் போனாள்.

அந்த ஒரு மாதம் கொட்டாய் இருந்த இருப்பை நெடும்பாறை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இத்தனை வாரம் வீட்டில் கிடந்து சேர்த்து வைத்த பேச்சு எல்லாம் அவிழ்ந்தது. உடம்பு ஓய்ந்திருந்ததால் கை துள்ளியது, சிரிப்பு வந்தது, ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி திருப்பிச் சொல்லும்போது அது வேறு கதையாகி மூன்றாவது ஆளுக்குப் போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பயம் போயிருந்தது. முன்பெல்லாம் மேஸ்திரி இருமினாலே குனிந்துகொண்டவர்கள், நாளைக்கு வராதே என்று சொல்லிவிடுவாரோ என்று வருஷக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள், மாசக் கடைசியில் எப்படியும் வராதே என்றுதான் சொல்லப் போகிறார் என்பதால், தொண்டையில் நின்றதை எல்லாம் எடுத்து வெளியே வைத்தார்கள்.

"ஏனுங்க மேஸ்திரி, இது டீயா, டம்ளர் கழுவின தண்ணியா?" என்று ஆரம்பித்தவள் பாவாயிதான். "பால் ஊத்தின டீ வந்தாத்தான் கத்தியத் தொடுவேன்."

"ஏ, என்ன வாயி நீளுது?"

"நீண்டா என்ன பண்ணுவீங்க? வேலைய விட்டு நிறுத்திருவீங்களா?"

கொட்டாய் முழுக்கச் சிரித்தது. பால் டீ வந்தது. அடுத்த நாள், கக்கூஸுக்குக் கதவு ஏன் இல்லை என்று கேட்டார்கள். அதற்கடுத்த நாள், கூரை ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே மேஸ்திரியின் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். உரிக்காமலும் இல்லை, பேசப் பேசக் குவியல் மலையாக ஏறியது. பச்சைச் சட்டைகள் அவர்கள் உடம்போடு ஒட்டி, அவர்கள் அதிரும்போது அதிர்ந்து, கையை ஓங்கும்போது ஓங்கி, எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டிருந்தன. பாவாயிக்கு இதில் சூது எதுவும் கிடையாது. அந்த இடத்தில் இருக்கிற கடைசி நாட்களை வீணாக்கக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தாள். கடைசி நாள் டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு, ஜன்னல் கம்பியைத் துண்டால் ஒரு தடவை துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை பச்சைச் சட்டைகள் உட்கார்ந்தன. பின்கட்டுச் சட்டைகளையும் வேலை நிறைய இருந்ததால் இன்னும் கொஞ்ச நாளைக்கு என்று முன்னால் கொண்டுவந்து, பழையபடி உட்கார வைத்திருந்தார்கள். முதலாளியே நாற்காலி போட்டுப் பார்த்தார். அருமையாக உரித்தன. டீ நேரம் வந்ததும் பச்சைச் சட்டைகள் மொத்தமும் கத்தியைக் கீழே வைத்து எழுந்து, டீ கேனைச் சுற்றி நின்றன. ஒன்று மூடியைத் திறந்து, உள்ளே காலரை விட்டுப் பார்த்து, மூடியைத் தூக்கி எறிந்தது.

"இதுங்களுக்கு வாயே இல்லையேய்யா!" என்றார் அத்தியப்பன்.

"வாயில்லீங்க," என்றார் மேஸ்திரி, "ஆனா பால் வேணுமாம்."

பால் டீ வைத்த பிறகுதான் திரும்பின. ஒரு சொட்டுக் குடிக்கவில்லை, டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு ஆவி போகும்வரை கை ஆட்டி ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தன. மத்தியானம் ஒரு சட்டை மேஸ்திரியின் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதவில்லாத கக்கூஸைக் காட்டியது. சட்டைக்குக் கக்கூஸ் எதற்கு என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் சாயங்காலத்துக்குள் எல்லாப் பச்சைச் சட்டைகளும் ஆலை வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. கிழங்கு லாரிகள் ரோட்டில் நின்றன. மூட்டைக்குள் போட்டுக் கட்டிப் பார்த்தார்கள், மூட்டையே உட்கார்ந்திருந்தது. கேள்விப்பட்ட சின்னையன், "என் சட்டையப் பாத்துக் கத்துக்கச் சொல்லுங்கய்யா, அது இன்னும் உரிச்சிக்கிட்டிருக்குது" என்று டீக்கடையில் பெருமையாகச் சொன்னார்.

மறுநாள் காலை அத்தியப்பனே கார் அனுப்பினார். பாவாயி, அங்காயியையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"நீதான பழக்குன. வேலையப் பாக்கச் சொல்லு" என்றார் அத்தியப்பன்.

பாவாயி வாசலில் உட்கார்ந்திருந்த சட்டைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொருத்தி மாதிரி உட்கார்ந்திருந்தது. இது அங்காயி கோபித்துக்கொண்டால் உட்காருகிற மாதிரி. அது தன்னை மாதிரியே.

"வெளிய நின்னு சொன்னா கேக்காதுங்க மொதலாளி. பக்கத்துல உக்காந்து உரிச்சாத்தான் இதுங்களுக்கு வேல ஓடும். சட்டைக்கு ஒரு ஆளு வேணும்."

"எல்லாச் சட்டைக்குமா?"

"எல்லாச் சட்டைக்குந்தான். முழுக்கூலி. கக்கூஸுக்குக் கதவு."

"கதவு சட்டைக்கா, உங்களுக்கா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே கதவு போதுங்க" என்றாள் அங்காயி.

அத்தியப்பன் ரோட்டில் நிற்கிற லாரிகளைப் பார்த்தார். வெயில் ஏற ஏறக் கிழங்கு கறுத்துப்போகும். தச்சருக்கும் மற்றப் பெண்களுக்கும் ஆள் அனுப்பினார். பெண்கள் வந்து பக்கத்தில் நின்றதும் பச்சைச் சட்டைகள் எழுந்து கொட்டாய்க்குத் திரும்பின.

பாவாயி உள்ளே போனாள். ஜன்னலோரத்தில் அவளுடைய காப்பிக்கொட்டைச் சட்டை குனிந்து உரித்துக்கொண்டிருந்தது. இந்தக் கலவரம் எதுவும் அதற்குத் தெரியாது. அவள் பக்கத்தில் போய் நின்றாள். எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள், பின்னாலேயே வந்த மேஸ்திரி, "ஏய், எந்திரி! ஆளு வந்துருச்சு" என்று அதட்டினார்.

சட்டை தூக்கிவாரிப்போட்டு எழுந்தது. கத்தி கை தவறி விழுந்தது. இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்து வைத்துக்கொண்டு, காலரைத் தாழ்த்தி, சுவரோடு சுவராக ஒட்டி, மேஸ்திரி போக வழி விட்டு நின்றது. இத்தனை வருஷமும் தான் இப்படித்தான் எழுந்து நின்றிருக்கிறோம் என்று பாவாயிக்குத் தெரியாது. உள்ளே இருந்தவளுக்கு எப்படித் தெரியும்?

இடம் காலியாக இருந்தது. அவள் உட்காரவில்லை.

"அத எதுக்கு மேஸ்திரி அதட்டறீங்க? இத்தன நாளும் அரைக்கூலிக்கு உரிச்சது அதுதான?" என்று சொல்லிவிட்டு, சட்டையின் விறைத்த கையைப் பிடித்துக் கீழே இழுத்து உட்கார வைத்து, தன் இடுப்பால் அதை ஒரு இடி இடித்துத் தள்ளி, மிச்சமிருந்த பாதி இடத்தில் தானும் உட்கார்ந்தாள். நெருக்கமாகத்தான் இருந்தது. சட்டை கத்தியை எடுத்து மறுபடியும் அவசர அவசரமாக உரிக்க ஆரம்பித்தது.

ரோட்டில் பஸ் வந்து நின்றது. பாவாயி கம்பியில் முகத்தை வைத்து எட்டிப் பார்த்தாள்.

"ஏ அங்காயி! மேஸ்திரி சம்சாரம் பெரிய பையோட பஸ் ஏறுதுடி. அம்மா ஊட்டுக்குத்தான். அழுதுருக்குது, கண்ணு செவந்திருக்குது."

மேஸ்திரி வேலப்பன் காதிலிருந்த பேனா விழ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கொட்டாயில் எல்லோரும் எழுந்தார்கள், பச்சைச் சட்டைகள் எழுந்தன, இடிபட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வந்தன. பாவாயி யாருக்கும் இடம் விடவில்லை. அவளுக்குப் பக்கத்தில், உரிக்கிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, நின்றது. காப்பிக்கொட்டைச் சட்டை கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கிழிந்த காலரை மெதுவாகக் கம்பிக்கு வெளியே நீட்டியது.